உவர்நீரும் சட்டமும்: சிலியின் அட்டகாமா உப்புப்படுகையில் லித்தியம் அகழ்வின் சூழலியல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மின்னூர்தி மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியத்தின் முதன்மைக் களங்களுள் ஒன்று சிலி நாட்டின் அட்டகாமா உப்புப்படுகை. அங்கு அகழப்படும் உவர்நீரைச் சிலியின் சட்டங்கள் நீராகக் கொள்ளாது கனிமமாகவே கொண்டன. இவ்வகைப்பாடு சூழல் பாதிப்பைக் கணக்கிடுவதை எவ்வாறு தாமதப்படுத்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லித்தியம், அட்டகாமா, உவர்நீர், நீருரிமை, லிக்கன் அந்தாய் மக்கள்

முன்னுரை

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மின்னூர்திகள் பெருகியதால் லித்தியத்தின் தேவை பன்மடங்காயிற்று. நகரங்களின் புகையைக் குறைக்கும் இவ்வூர்திகளின் சூழற்சுமை, அகழ்வு நிகழும் நிலங்களின்மீதே விழுகிறது. அத்தகைய நிலங்களுள் அட்டகாமா குறிப்பிடத்தக்கது.

வடசிலியில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இப்படுகை அமைந்துள்ளது. ஆண்டெஸ் மலைநீர் நிலத்தடியாக வந்து படுகையின் விளிம்பை அடைகிறது. அடர்வு மிக்க உவர்நீர் நடுவில் தேங்கி நிற்பதால், அடர்வு குறைந்த நன்னீர் அதன்மேல் எழுந்து ஓரத்துக் கழிகளையும் ஈரநிலங்களையும் உண்டாக்குகிறது. பெய்னே, கமார், டொக்கோனாவ் முதலிய லிக்கன் அந்தாய் ஊர்களின் வேளாண்மையும் மேய்ச்சலும் மலையிலிருந்து வரும் இந்நீரையே நம்பியுள்ளன.

கனிமமாக்கப்பட்ட நீர்

1962இல் தாமிரச் சுரங்கத்திற்கு நீர் தேடிய அனகோண்டா நிறுவனம், இப்படுகையின் உவர்நீரில் லித்தியம் செறிந்திருப்பதைக் கண்டது. நீரைத் தேடிச் சென்ற இடத்தில் கிடைத்த அந்நீரே பின்னர் கனிமமாகப் பெயர் மாறியது.

பினோசே ஆட்சிக்காலத்தில் 1979இல் பிறப்பிக்கப்பட்ட 2886ஆம் ஆணைச்சட்டம், அணுக்கருத்துறைப் பயன்பாடு கருதி லித்தியத்தை அரசுக்கு ஒதுக்கியது. எனினும் அரசு வளர்ச்சிக் கழகமான கோர்ஃபோ முன்னரே பெற்றிருந்த உரிமங்களின் வழியாக நிறுவனங்கள் அகழ்வில் ஈடுபட முடிந்தது. 1981ஆம் ஆண்டின் நீர்ச்சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கவும் விற்கவும் கூடிய சொத்தாக்கியது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில் உவர்நீர் சுரங்கத்துறையின் பக்கமே நின்றது. அணுசக்தி ஆணையம் லித்தியத்தின் அளவை டன் கணக்கில் வரையறுத்தது. அதற்காக இறைக்கப்படும் உவர்நீர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அகழும் முறையும் அளவும்

1984இல் உற்பத்தி தொடங்கியது. எஸ்.க்யூ.எம். நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் இக்களத்தில் இறங்கியது. இறைக்கப்பட்ட உவர்நீர் உப்பளப் பாத்திகளைப் போன்ற பெருங்குளங்களில் விடப்பட்டு, ஓராண்டுக்கு மேல் வெயிலில் காய்கிறது. எரிபொருள் தேவை குறைந்த மலிவான முறை இது. ஆயினும் உவர்நீரிலுள்ள நீரின் பெரும்பகுதி ஆவியாகிப் படுகைக்கு மீளாமற்போகிறது.

1994ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்திற்குப் பின்னரே இறைக்கும் அளவுக்கு வரம்பு விதிக்கும் வழி உருவாயிற்று. 2006இல் அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்ட அனுமதி, படிப்படியாக உயர்ந்து நொடிக்கு 1,500 லிட்டர் வரை உவர்நீரை இறைக்க இடமளித்தது. அதே அனுமதி நன்னீருக்கு விதித்த வரம்பு நொடிக்கு 240 லிட்டர். எனவே நன்னீர்ப் பயன்பாட்டை மட்டும் கணக்கிட்டால் இத்தொழில் சிக்கனமானதாகத் தோன்றும். உவர்நீரையும் நீரெனக் கொண்டால் அம்முடிவு மாறிவிடும்.

பாதிப்பின் சான்றுகள்

1997 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அகழ்வு விரிந்த காலத்தில் தாவரப்பரப்பும் மண்ணின் ஈரமும் குறைந்ததைக் காட்டியது. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, இப்படுகையில் ஆண்டியப் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் 11 ஆண்டுகளில் முறையே 12, 10 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறிந்தது. உவர்நீர் இறைப்பினால் படுகையின் ஒரு பகுதி ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துவருவதை 2024இல் வெளியான ஆய்வு சுட்டியது.

இப்பாதிப்புகள் அனைத்தையும் லித்தியத்தின்மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. இவ்வடிநிலத்தின் நன்னீரைத் தாமிரச் சுரங்கங்களே மிகுதியாக எடுத்துள்ளன; வறட்சியும் உண்டு. மேலும், ஈரநிலங்களை அடையும் நன்னீரில் பாதிக்கு மேற்பட்டது 60 ஆண்டுகளுக்கும் முற்பட்டது என 2022இல் ஓர் ஆய்வு கண்டது. நிலத்தடி நீர் இவ்வளவு மெதுவாக நகர்வதால், இன்றைய இறைப்பின் முழு விளைவும் இன்றே வெளிப்படுவதில்லை. பாதிப்பு இன்னும் தென்படாமையைப் பாதிப்பு இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

மக்களின் வழக்கு

1993ஆம் ஆண்டின் பழங்குடியினர் சட்டமும், 2008இல் சிலி ஏற்புறுதி அளித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையும் லிக்கன் அந்தாய் மக்களுக்குச் சட்டப்பிடியை அளித்தன. அனுமதித்த அளவை மீறி உவர்நீர் இறைத்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை 2016இல் சுற்றுச்சூழல் கண்காணிப்பகம் எஸ்.க்யூ.எம். மீது பதிந்தது. பின்னர் அந்நிறுவனம் முன்வைத்த சீராக்கத் திட்டத்தைக் கண்காணிப்பகம் ஏற்றது. அட்டகாமா மக்கள் அவையும் கமார், பெய்னே ஊர்களும் அதனை எதிர்த்து வழக்காடின. 2019 டிசம்பரில் அந்தோஃபகஸ்தா சுற்றுச்சூழல் நீதிமன்றம், ஐயமுள்ள இடத்தில் இயற்கையைக் காக்கவேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைச் சுட்டி, அவ்வேற்பைச் செல்லாதாக்கியது.

எதிர்ப்பு மட்டுமே இவ்வரலாறன்று. 2016இல் அல்பெமார்ல் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி, விற்பனையில் 3.5 விழுக்காடு ஊர்களுக்குக் கிடைத்தது. இது பள்ளி, நலவாழ்வுப் பணிகளுக்கு உதவக்கூடியதாயினும், நீரைக் காக்கவேண்டிய ஊர்களை இறைப்பின் வருவாயோடு பிணைக்கவும் செய்தது.

முடிவுரை

அட்டகாமாவின் சூழற்சிக்கல் தொழில்நுட்பத்தால் மட்டும் விளைந்ததன்று. எதனை நீர் என்பது, எதனைக் கனிமம் என்பது என்ற வகைப்பாட்டிலும் அது வேர்கொண்டுள்ளது. 2023இல் குடியரசுத் தலைவர் பொரிச் அறிவித்த தேசிய லித்தியம் கொள்கை அரசின் பங்கை விரிவாக்கியது. ஆனால் உடைமை மாறுவதனால் கணக்கு தானே மாறிவிடாது. உவர்நீரையும் நன்னீரையும் ஒரே நீரமைப்பின் கூறுகளாகக் கொண்டு அளவிடும்போதே மின்னூர்தியின் உண்மையான சூழல்விலையை மதிப்பிட இயலும்.