எஸ்டேட் போய் சுமோ வந்த கதை

நான் படித்த பிரெஞ்சில் பின்பக்கம் நீண்ட காருக்கு 'பிரேக்' என்று பெயர். பழைய குதிரை வண்டியின் பெயர் அது. 1992-இல் டெல்கோ அப்படியொரு காரை 'டாடா எஸ்டேட்' என்று விற்றது. மூட்டை வைக்கத் தாராளமான இடம். உட்கார ஐந்து பேர்தான்.

1994-இல் அதே கம்பெனியின் சுமோ வந்தது. ஜப்பான் மல்யுத்தம் அல்ல, டெல்கோவை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்தது. பின்னால் எதிரெதிர் பெஞ்சு. பத்துப் பேர் ஏறலாம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் பாட்டி முதல் பேரன் வரை கிளம்பும் வீட்டில் வேறென்ன முடிவாகும்? எஸ்டேட் சில வருஷங்களில் மறைந்துபோயிற்று.

இப்போது மூன்றே பேர் இருக்கும் வீட்டிலும் உயரமான எஸ்யூவிதான் கேட்கிறார்கள். மழைக்காலத்து ஏரிக்கரைச் சாலைக்கு உயரம் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். அம்பாசிடரில் தானாக உட்கார்ந்த பாட்டிக்கு இதில் ஏற முக்காலி போடவேண்டியிருக்கிறது.