டையோடு வேலையை மூலக்கூறு செய்த கதை

திருவண்ணாமலை தேரடித் தெருவில் ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். அந்தக் கால டிரான்சிஸ்டர் பெட்டிகளில் ஓஏ79 என்றொரு ஜெர்மானியம் டையோடு இருக்கும். மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் தடுக்கும். அது இல்லையென்றால் பாட்டு இல்லை.

அந்த வேலையை ஒற்றை மூலக்கூறே செய்யும் என்று 1974-இல் அமெரிக்காவில் அவிராம், ராட்னர் என்ற இருவர் கணக்குப் போட்டு எழுதினார்கள். எலெக்ட்ரானைக் கொடுக்கும் பாகம் ஒரு முனையில், வாங்கும் பாகம் மறுமுனையில், நடுவே ஒரு பாலம். ஆனால் அத்தனை சிறியதற்கு எப்படிக் கம்பி இணைப்பது? 1997-இல்தான் மார்க் ரீட் குழு, மெல்லிய தங்கக் கம்பியை வளைத்து முறித்து, அந்த இடுக்கில் பென்சீன் வளையமுள்ள மூலக்கூறு வழியே மின்னோட்டத்தை அளந்தது. இணைப்பு சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாகமும் வீண். சால்டரிங் பிடித்த எவருக்கும் இது தெரியும். 2002-இல் பெல் ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் ஷோன் மூலக்கூறு மின்னணுவியலில் பொய்த் தரவுகள் தந்தது அம்பலமானதும் அந்தத் துறையின் பெயரே கெட்டது.

அந்தப் பெயரை மீட்டெடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1928-இல் சர் சி.வி. ராமன் தம் விளைவைக் கண்டறிந்தது கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். அதே கழகத்தில் வேதியியலர் ஸ்ரீபிரதா கோஸ்வாமி, அசோ சேர்மங்கள் உலோகத்தோடு இணைவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எலெக்ட்ரானை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் திருப்பித் தரும் சேர்மங்கள் அவை. அவரும் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி, தி. வெங்கடேசன், ஸ்டான்லி வில்லியம்ஸ் முதலியோரும் ஒற்றை மூலக்கூறைத் துரத்தவில்லை; அந்தச் சேர்மங்களை மெல்லிய படலமாகப் பூசி, மேலும் கீழும் மின்முனை வைத்தார்கள். பல டிரான்சிஸ்டர்கள் கூடிச் செய்யும் 'இப்படியானால் இது, இல்லையேல் அது' என்ற முடிவை ஒரே உறுப்பு எடுத்தது. 2021-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

அதன் தொடர்ச்சியாக, 2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 64 வரிசை, 64 பத்தி கொண்ட மூலக்கூறுச் சர்க்யூட் வந்தது. சாதாரண நினைவகத்தின் ஒரு பிட்டுக்கு இரண்டே நிலைகள். இங்கே ஒவ்வோர் உறுப்புக்கும் 16,520 நிலைகள். ராமன் 1933-இல் இயக்குநராகப் போய்ச் சேர்ந்த அதே கழகம்!

நான் உறுதியாகச் சொல்வேன்: இந்த வெற்றியில் பாதி வேதியியலுக்கு உரியது. கம்ப்யூட்டர் சர்க்யூட் கனவோடு இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே, கல்லூரியில் வேதியியல் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.