டர்போவும் ஆயிலும்: டப்பாவின் பின்பக்க வரலாறு



"மெக்கானிக்கல் சார்பா ஒரு கட்டுரை தாங்கண்ணே" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். எனக்குக் கவிதை வராது, எஞ்சின் ஆயில்தான் வரும். சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் என்னைக் கேட்பதும் அதுதான்: "புதுசா டர்போ வண்டி வாங்கியிருக்கேன், எந்த சிந்தெடிக் ஆயில் ஊத்தலாம்?" இதற்கு ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சரியான பதிலைப் பிடிக்க வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

எஞ்சினிலிருந்து வீணாகப் போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள்ளேயே செலுத்துவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் ப்யூகி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பலிலும் லாரியிலும் வேலை செய்த டர்போ, 1962-ல்தான் அமெரிக்காவில் விற்பனைக் காருக்கு வந்தது. 1977-ல் ஸ்வீடனின் சாப் கம்பெனி அதை அன்றாடக் காருக்கு ஏற்றதாக்கிக் காட்டியது.

நம் பக்கத்துக்கு வருவோம். சுந்தரம் குழுமத்தைச் சேர்ந்த டர்போ எனர்ஜி, 1982-ல் ஜெர்மானியத் தொழில்நுட்பத்துடன் தொடங்கப்பட்டது. திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வந்தபோது, அதன் டீசல் எஞ்சினில் டர்போ கிடையாது. பின்னால் வந்த பஜேரோவில் இருந்தது. இப்போது அதே திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் சி3 காரில், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கே டர்போ உண்டு. ஒரு தலைமுறைக்குள் டர்போ லாரியிலிருந்து குடும்பக் காருக்கு இறங்கிவிட்டது. ஆயில் பற்றிய நம் பழக்கம் மட்டும் இன்னும் அம்பாசிடர் காலத்திலேயே நிற்கிறது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஒரு பக்கம் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் இதே ஆயில்தான். நன்றாக ஓடிய வண்டியை நிறுத்திச் சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அது கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் வழியை அடைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வேன் டிரைவர், ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வருபவர். நேரத்துக்குச் சேர்க்க வேண்டுமென்று நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, கேட் வாசலில் அப்படியே ஆஃப் செய்வார். மலிவு ஆயில், தள்ளிப்போட்ட சர்வீஸ் வேறு. டர்போ ஜாம் ஆனது. மாற்றிய செலவு மூன்று மாத வருமானம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ஆயில் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

இனி சிந்தெடிக். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைக்கும் மினரல் ஆயிலில் சிறிதும் பெரிதுமாகப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். லேசானவை சூட்டில் ஆவியாகும். மெழுகுத் தன்மையுள்ளவை குளிரில் உறையும். மூலக்கூறுகளை நாமே ஒரே சீராகக் கட்டிக்கொண்டால் என்ன என்று யோசித்ததன் விளைவே சிந்தெடிக். 1929-ல் அதை வர்த்தக ரீதியில் கொண்டுவர முயன்றது அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் இந்தியானா. அன்று வாங்க ஆளில்லை. அதே கம்பெனிதான் பிற்காலத்தில் அமோகோ என்ற பெயரில், 1965-ல் உருவான நம் மெட்ராஸ் ரிஃபைனரீஸில் பங்குதாரராக மணலிக்கு வந்தது! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும், பிறகு ஜெட் விமானங்களும் சிந்தெடிக்கை வளர்த்தன. 1970களில் ஆம்சாயில், மொபில் 1 ஆகியவை கார்களுக்கு வந்தன.

1999-ல் ஒரு திருப்பம். மிக உயர்வாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலையும் 'சிந்தெடிக்' என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் வழக்கு எழுந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து டப்பாவின் முன்பக்கம் எழுதியிருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற சொல் மட்டும் நமக்கு முழு விவரம் சொல்லாது. அப்படிச் சுத்திகரித்த ஆயிலும் நல்ல ஆயில்தான். ஆனால் உண்மையான விவரம் பின்பக்கச் சின்ன எழுத்தில் இருக்கிறது.

அதில் முதலாவது, 5டபிள்யூ-30 போன்ற எண். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்பார்கள். வெளியே 40 டிகிரி ஆனாலும், எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. கம்பெனி 30 என்று சொன்ன எஞ்சினில் 20டபிள்யூ-40 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

இரண்டாவது, தர எழுத்து. நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ எஞ்சின்களில், ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கல் தலைகாட்டியது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் அதைத் தூண்டுவதாகக் கண்டார்கள். அதற்காகவே 2018-ல் 'எஸ்என் பிளஸ்', 2020-ல் 'எஸ்பி' என்ற ஏபிஐ தரங்கள் வந்தன.

மூன்றாவது, டீசல்காரர்களுக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் டீசல் கார்களில் கரிப்புகையைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து விடும் சாம்பல் அதை நிரந்தரமாக அடைக்கும். எனவே ஏசிஇஏ 'சி' வகை போன்ற சாம்பல் குறைந்த ஆயிலே பொருந்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வகை மாறினால் கேடுதான்.

ஆக, என் பதில் இதுதான்: பிராண்டைக் கடைசியில் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணும் எழுத்தும் டப்பாவின் பின்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். தூசியிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் கடினமான உபயோகத்துக்கென்று போட்டிருக்கும் கெடுவிலேயே ஆயில் மாற்றுங்கள். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆயிலின் குணத்தைத் தீர்மானிக்கும் சேர்மப் பொருட்களை மணலியிலேயே இந்தியன் அடிட்டிவ்ஸ் தயாரிக்கிறது. டர்போ கார் திருவள்ளூரில் தயாராகிறது. பாடப் புத்தகத்தில் 'லூப்ரிகேஷன்' அத்தியாயத்தைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிடாதீர்கள். பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் அது பிழைப்பாக நடந்துகொண்டிருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி, வளர்க நம் சங்கம்.