வாக்கும் இடமும்: கொங்கு நாட்டுத் தேர்தல்கள் காட்டும் பாடம்

கொங்கு மண்டலத்தை இருபத்து நான்கு நாடுகளாகப் பகுத்துரைப்பது நெடுநாளைய மரபு. குடியாட்சிக் காலத்தில் அந்நாடுகளின் இடத்தைத் தொகுதிகள் பெற்றன. தொகுதிக்கு எல்லை வகுப்பதும் வாக்கை எண்ணி வெற்றியை வரையறுப்பதும் வெறும் நிருவாகச் செய்திகள் அல்ல. எக்கட்சி நிலைபெறும், எக்குரல் அவையேறும் என்பதை முடிவு செய்பவை அவையே. கொங்கு நாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும்.

இந்தியாவில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நடைபெறும் தேர்தல்களில், ஒரு தொகுதியில் மற்றெவரினும் மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இத்தகைய முறை இரு பெருங்கட்சிகளின் வளர்ச்சிக்கே துணைசெய்யும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ழே 1951இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சிறு கட்சிக்கு இடும் வாக்கு வீணாகிவிடும் என்று வாக்காளர் அஞ்சுவதும் அதற்கு ஒரு காரணம். தமிழகத்தில் இவ்விளைவு பெரும்பாலும் இரு கூட்டணிகளின் போட்டியாக உருக்கொண்டது.

இம்முறையில் தம் குறையை உணர்த்த வழி காணாத உழவர்கள், 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் திரளாக வேட்புமனு அளித்தனர். களத்தில் நின்றோர் 1033 பேர். வாக்குச்சீட்டு ஒரு நூலின் வடிவு கொண்டது, வாக்குப்பதிவும் தள்ளிவைக்கப்பட்டது. தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். ஒரு வாக்கும் பெறாதவர் 88 பேர். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றப் பொது வேட்பாளருக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் தேவையாயினர். உழவர் எழுப்பிய வினாவுக்கு விடை வரவில்லை. வினவும் வாயிலே குறுகியது.

2009இல் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் தோன்றி, அவ்வாண்டின் மக்களவைத் தேர்தலில் கூட்டணியின்றித் தனித்துப் போட்டியிட்டது. பல தொகுதிகளில் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைத் திரட்டியும் ஓரிடமும் பெறவில்லை. கோவையில் அக்கட்சி பெற்றவை ஏறத்தாழ 1,28,000 வாக்குகள். அங்கு வென்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் பி.ஆர். நடராஜனுக்கும் அடுத்து வந்த காங்கிரஸ் வேட்பாளருக்கும் இடையிலான வேறுபாடோ 39,000க்கும் குறைவு. வெற்றி தோல்வியை மாற்றவல்ல வலிமை அவ்வாக்குகளுக்கு இருந்தது. அவையில் ஓர் இருக்கையைப் பெறும் வலிமை இல்லை.

பின்னர் அதினின்று பிரிந்து அமைந்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, 2019இல் நாமக்கல் மக்களவைத் தொகுதியையும் 2021இல் திருச்செங்கோடு சட்டமன்றத் தொகுதியையும் வென்றது. இரு வெற்றியும் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் கிடைத்தவை. தன் சின்னத்தில் தோற்ற குரல், பிறர் சின்னத்தில் அவையேறிற்று. கிடைத்தது இடம், கொடுத்தது தனி அடையாளம்.

வாக்குகள் எங்கே திரண்டுள்ளன என்பதும் இம்முறையில் முதன்மையானது. இலங்கையில் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில், ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 168 இடங்களுள் எட்டே கிடைத்தன. அதனினும் மிகக் குறைந்த வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, வடக்கிலும் கிழக்கிலும் வாக்குகள் செறிந்திருந்தமையால் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சி ஆயிற்று. அடுத்த ஆண்டு வந்த அரசியலமைப்பு, வாக்கு விகிதத்துக்கேற்ப இடம் தரும் முறையை அங்கே புகுத்தியது. அம்முறையிலும் குறையுண்டு, தனிக்கட்சி ஆட்சி அரிதாகலாம், தொகுதிக்கு ஒருவர் என்னும் நெருக்கமும் தளரலாம்.

தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் பெரும்பான்மை வழக்கைக் கூறியபின், சிறுபான்மை வழக்கையும் விடாது குறித்துச் சென்றனர். அருகி வருவதையும் மொழியின் உறுப்பாகவே அவர்கள் கொண்டனர். குடியாட்சியின் இலக்கணம் வகுப்போர்க்கும் அந்நெறி பொருந்தும். வென்றவரை அறிவிப்பதோடு தேர்தலின் கடமை முடிவதில்லை. தோற்ற வாக்குகளுக்கும் அவையில் ஓர் இடம் உண்டா என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.