ஏரியும் ஆலயமும் ஒன்றாய் எழுந்த பாலம்பேட்டை: ராமப்பா கோவிலுக்கு ஒரு பயணம்

தெலங்கானா மாநிலம் முலுகு மாவட்டத்தில், குன்றுகளும் வயல்களும் சூழ்ந்த பாலம்பேட்டை கிராமத்தில் ராமப்பா கோவில் அமைந்துள்ளது. ருத்ரேஸ்வரர் ஆலயம் என்பதே இதன் பெயர். ஆயினும், இதனை வடித்த சிற்பி ராமப்பாவின் பெயராலேயே இது அறியப்படுகிறது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காகத்திய மன்னர் கணபதிதேவரின் படைத்தலைவர் ரேச்சர்ல ருத்ரன் 1213-ஆம் ஆண்டில் இக்கோவிலை எழுப்பினார். கட்டுமானப் பணி சுமார் 40 ஆண்டுகள் நீடித்ததாகக் கருதப்படுகிறது.

மணலும் மிதக்கும் செங்கல்லும்

குழி தோண்டி மணல் நிரப்பி, அதன் மேல் அடித்தளம் அமைத்துள்ளனர். நில அதிர்வின் தாக்கத்தை இந்த மணற்படுகை தணிக்கும் என்பது வல்லுநர்களின் விளக்கம். உள்ளே தரை சில இடங்களில் மேடு பள்ளமாக இருப்பினும் ஆலயம் நிலைத்து நிற்கிறது. சுவர்கள் மணற்கல்லால் ஆனவை. விமானமோ நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த செங்கற்களால் கட்டப்பட்டது.

வெளிப்புறத்தில், கூரையைத் தாங்குவதுபோல் சாய்ந்து நிற்கும் கருங்கல் மங்கையரின் மெருகு இன்றும் மங்கவில்லை. இங்குள்ள நடனச் சிற்பங்களின் துணைகொண்டே, மறைந்துபோன பேரிணி நடனத்திற்கு நடராஜ ராமகிருஷ்ணா புத்துயிர் அளித்தார்.

ஏரியைத் தவறவிடாதீர்

சிற்பங்களைக் கண்டதும் திரும்பிவிடுவோர் பலர். ஆனால் கோவிலும் ஏரியும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்து வளர வேண்டும் என்பதே காகத்தியர் மரபு. அருகிலுள்ள ராமப்பா ஏரி, குன்றுகளுக்கிடையே கரை எழுப்பி அக்காலத்தில் உருவாக்கப்பட்டது. எட்டு நூற்றாண்டுகள் கடந்தும் இப்பகுதி வயல்களுக்கு அதன் நீர் பாய்கிறது. கரையில் நின்று பார்த்தால்தான் இவ்விடத்தில் ஆலயம் எழுந்த காரணம் விளங்கும். கோவிலைக் காப்பது போலவே ஏரியைக் காப்பதும் அவசியம். நெகிழிக் கழிவுகளைக் கரையில் விட்டுச் செல்லாதிருப்பது பயணிகளின் கடமை.

செல்லும் வழி

ஐதராபாத்திலிருந்து சுமார் 200 கி.மீ., வாரங்கல்லிலிருந்து சுமார் 65 கி.மீ. தொலைவில் கோவில் உள்ளது. வாரங்கல், காசிப்பேட்டை ரயில் நிலையங்களில் இறங்கிச் சாலை வழியாகச் செல்லலாம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவமாகும். இன்றும் வழிபாடு நடைபெறும் சிவாலயம் என்பதால், மகா சிவராத்திரி நாளில் பக்தர்கள் பெருந்திரளாகக் கூடுவர். சிற்பங்களை நிதானமாகக் காண விரும்புவோர் அந்நாளைத் தவிர்ப்பது நலம்.