குதிரையை இழுக்கும் வண்டி: சில வரலாற்றுக் குறிப்புகள்

சென்ற ஆண்டின் இறுதியில் என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்திருந்தார். கணிதம் பயின்றவர், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் மட்டும் என் முன்னால் அமர்ந்தவர். அவரும் மனைவியும் இரண்டு குதிரைகள் வளர்க்கிறார்கள். விடுமுறை நாள்களில் அவற்றைப் பெட்டி வண்டியில் ஏற்றி மலைத்தொடருக்கு மேற்கே கொண்டுபோய்க் காட்டுப் பாதைகளில் சவாரி செய்வது அவர்கள் வழக்கம். இதுவரை நண்பர் ஒருவரின் வண்டி இழுத்துச் சென்றது. இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க வேண்டும்.

"ஐயா, பெட்ரோலா டீசலா என்று ஒரு மாதமாக முடிவு செய்ய முடியாமல் இருக்கிறேன். குதிரை வாங்கப் போன அமைச்சர் கதையை நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவராவது கோயில் கட்டினார்" என்றார்.

திருப்பெருந்துறைக் கதையை அவர் மறக்காமலிருந்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உரையாடல் முடிந்த பிறகு வேறொரு கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. வண்டியை இழுப்பதற்காகப் பழக்கப்பட்ட விலங்கு, வண்டியில் ஏறிப் பயணம் செய்யும் விலங்காக எப்போது மாறியது? வாகனங்கள் குறித்து எனக்கு அறிவு குறைவு. வரலாறு என்றால் விடமாட்டேன். சில வாரங்கள் அதிலேயே கழிந்தன.

குதிரையை ஏற்றிச் செல்வது கடலில் தொடங்கிய வழக்கம். நம் பாண்டிய நாட்டுக் கரையே அதற்குச் சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பேணத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். விற்பனை குறைந்துவிடும் என்பதற்காகக் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கு வரவிடுவதில்லை என்பது அவர் தரும் கூடுதல் செய்தி. வணிக தந்திரங்கள் புதியவை என்று யார் சொன்னது? ஆனால் கடலில் வேறு வழியில்லை. தரையில், நான்கு கால் உள்ள விலங்கை வண்டியில் ஏற்றுவது வெகுகாலம் நகைப்புக்குரிய எண்ணமாகவே இருந்திருக்கும்.

அந்த நகைப்பை ஒருவர் பணமாக்கிக்கொண்டார். 1836ஆம் ஆண்டு, இங்கிலாந்து. லார்டு ஜார்ஜ் பென்டிங்க் என்னும் பிரபுவின் ஆளுகையில் எலிஸ் என்றொரு பந்தயக் குதிரை இருந்தது. செப்டம்பரில் டான்காஸ்டரில் நடக்கும் செயின்ட் லெஜர் பந்தயத்தில் அது ஓடவேண்டும். குதிரையோ தெற்கே குட்வுட்டில் நின்றுகொண்டிருந்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 250 மைல். அக்காலத்தில் பந்தயக் குதிரைகள் களத்துக்கு நடந்தே சென்றன. நாளொன்றுக்குப் பதினைந்து மைல் என்று வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேலாகும். பந்தயத்துக்குச் சில நாள்களே இருக்கும்போதும் குதிரை குட்வுட்டில்தான் நிற்கிறது என்ற செய்தி பரவியது. இனி அது வர வழியில்லை என்று பந்தயம் கட்டுவோர் முடிவு கட்டினர். எலிஸின் பெயரில் கிடைக்கும் விகிதம் ஏறியது. பென்டிங்க் பணத்தைக் கட்டினார். பிறகு, முன்பே இரகசியமாகச் செய்வித்திருந்த மரப்பெட்டி வண்டியில் எலிஸையும் துணைக்கு இன்னொரு குதிரையையும் ஏற்றினார். உட்புறமெல்லாம் மெத்தை தைத்த வண்டி அது. இழுத்தவை ஆறு குதிரைகள். வழிநெடுக ஆங்காங்கே மாற்றிப் பூட்டினார்கள். மூன்று நாளில் டான்காஸ்டர். எலிஸ் வென்றது.

இந்தக் கதையை இங்கிலாந்துக்காரர்கள் தந்திரத்தின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறு குதிரைகள்தாம் கண்முன் நிற்கின்றன. இரண்டு குதிரைகள் உள்ளே நின்று வைக்கோல் தின்ன, ஆறு குதிரைகள் வெளியே நுரை தள்ளி இழுத்தன. குதிரைகளுக்குள்ளும் வருணம் பிரிந்த நாள் அது.

சில ஆண்டுகளில் இரயில் வந்தது. குதிரைப் பெட்டிகளும் வந்தன. அமெரிக்காவில் 1930களில் புகழ்பெற்ற சீபிஸ்கட் என்னும் பந்தயக் குதிரை கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்வந்தது இரயிலில்தான். சாலையின் காலம் அதற்குப் பிறகே முழுமையாக வந்தது. அதில் ஒரு முரண் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து சுமார் 2 கோடியே 60 இலட்சம் இருந்தன. டிராக்டரும் லாரியும் பெருகப் பெருக அவை வேலையிழந்தன. 1960 அளவில் எஞ்சியவை ஏறக்குறைய 30 இலட்சம். அதன் பிறகே எண்ணிக்கை மீண்டும் ஏறியது. ஆனால் திரும்பி வந்தது உழைக்கும் குதிரை அன்று. விடுமுறைக் குதிரை, போட்டிக் குதிரை, பிள்ளைகளின் குதிரை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலைகளில் அது பயணம் செய்தது. இழுத்தது குடும்பத்தின் பிக்கப்.

இனி டீசல். ருடால்ஃப் டீசல் 1897இல் தம் எஞ்சினை ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து காணாமற்போனார். அவர் கண்ட எஞ்சினைச் சாலைக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவர் இந்தியானா மாநிலத்துக் கிளெஸ்ஸி கம்மின்ஸ். கல்லூரிப் படிப்பில்லாத இயந்திர வல்லுநர். 1919இல் நிறுவனம் தொடங்கினார். டீசல் என்றால் கப்பலுக்கும் ஆலைக்கும் உரிய புகைவண்டி என்று எண்ணியிருந்த மக்களுக்கு, 1930இல் ஒரு பேக்கார்டு காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி இந்தியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிக் காட்டினார்.

நான் சொல்ல விரும்பும் நிகழ்ச்சி அடுத்த ஆண்டுக்கு உரியது. 1931இல் டீசல் லாரி ஒன்றைக் கரையிலிருந்து கரைக்கு ஓட்டும் முயற்சியில் அவர் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயை அடைந்தார். பாலைநிலத்திலிருந்து சான் பெர்னார்டினோ நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சாலை. இறக்கத்தில் பிரேக்குகள் சூடேறிச் செயலிழந்தன. கீழே சாலையை இருப்புப்பாதை குறுக்கிடுகிறது. அதில் சரக்கு இரயில் வந்துகொண்டிருந்தது. லாரி மயிரிழையில் தப்பியது. எஞ்சின் ஏன் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை என்ற கேள்வி அன்று முதல் அவரை விடவில்லை.

இங்கே வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நானும் பொறுமையாகத்தான் புரிந்துகொண்டேன். பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் ஒரு தடுக்கு உண்டு. காலை எடுத்ததும் அது மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டியின் வேகம் அடங்குகிறது. மரபான டீசலில் அந்தத் தடுக்கு இல்லை. காற்று தாராளமாக உள்ளே வருகிறது. அதை அழுக்கப் பிஸ்டன் உழைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அழுங்கிய காற்று சுருள்வில் போல விரிந்து, வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஏற்றத்தில் யானையாக இழுக்கும் எஞ்சின், இறக்கத்தில் கைவிட்டுவிடுகிறது. இரவல் வாங்கிய விசையைத் திருப்பித் தரவிடாமல் செய்தால் என்ன? காற்று முழுமையாக அழுங்கிய தறுவாயில் வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டால், உழைப்பு வீணாகும். வீணாகும் அந்த உழைப்பே பிரேக் ஆகும். 1950களின் பிற்பகுதியில், நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகியிருந்த முதிய வயதில், கம்மின்ஸ் இதைச் செய்து காட்டினார். துளைக்கருவிகளுக்குப் பிடிப்புறுப்பு செய்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலைச்சாலைகளில் பெரிய லாரிகள் தடதடவென்று உறுமிக்கொண்டு இறங்குவது அந்தக் கருவியின் ஓசை. முப்பது ஆண்டுகள் ஒரு நிமிட அச்சத்தை ஒருவர் மனத்தில் வைத்திருந்தார் என்பது எனக்கு அந்தக் கருவியைவிட வியப்பாக இருக்கிறது.

பிக்கப் வண்டிகளுக்கு டீசல் வந்த கதை அத்தனை பெருமைக்குரியது அன்று. 1978 மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய ஓல்ட்ஸ்மொபைல் டீசல், பெட்ரோல் எஞ்சினின் வடிவமைப்பை ஒட்டிப் பிறந்தது. டீசலின் அழுத்தத்தை அதன் மேல்மூடி மரைகள் தாங்கவில்லை. அமெரிக்கர்களுக்கு டீசல் என்றாலே கசப்பு. ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் எஞ்சினை 1983 மாதிரியில் தந்து அதை ஓரளவு ஆற்றியது. திருப்பம் 1989இல் நிகழ்ந்தது. பண்ணை இயந்திரங்களுக்கும் நடுத்தர லாரிகளுக்கும் உருவான கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை டாட்ஜ் தன் பிக்கப்பில் பொருத்தியது. குதிரைத்திறன் 160தான். முறுக்குவிசையோ 400 பவுண்டு-அடி. அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்தது. நின்ற இடத்திலிருந்து பாரத்தைக் கிளப்புவதற்கு வேண்டியது அதுதான். முப்பது ஆண்டு கழித்து, 2019 மாதிரியில், அதே வழிவந்த எஞ்சின் 1000 பவுண்டு-அடியை எட்டியது.

குதிரைத்திறன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் வாட் அதை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வகுத்தது, நாள் முழுதும் உழைக்கும் குதிரைகளோடு தம் நீராவி எஞ்சினை ஒப்பிட்டு விற்பதற்காக. குதிரை தன் உச்ச முயற்சியில் சில நொடிகளுக்கு ஏறத்தாழ 15 குதிரைத்திறன் காட்டக்கூடும் என்று 1993இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வெளிவந்தது. ஆக, ஒரு குதிரைக்கு ஒரு குதிரைத்திறன் என்பது விலங்கின் மீது நாம் சுமத்திய குறைமதிப்பு.

மாணவரிடம் திரும்புகிறேன். அவருடைய கணக்கு இது. இரண்டு குதிரைகள் ஏறக்குறைய 1000 கிலோ. பெட்டி வண்டி 1400. தண்ணீர், வைக்கோல், சேணம் என்று 200. மொத்தம் 2600 கிலோ. சமவெளியில் இதை இழுக்க நல்ல பெட்ரோல் பிக்கப்பே போதும் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். விற்பனையாளர்கள் காட்டும் இழுவைத்திறன் எண் ஒருகாலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு அளவுகோலில் வந்துகொண்டிருந்தது. 2008இல் பொதுநெறி ஒன்று வகுக்கப்பட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11 மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், கோடை வெயிலில், குளிர்சாதனம் முழுவீச்சில் ஓட, பாரத்தோடு குறித்த வேகம் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. நிறுவனங்கள் பலவும் அதற்கு உடன்பட மேலும் சில ஆண்டுகளாயின.

அந்த எண்ணும் பாதிச் செய்தியே. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இன்னோர் எண் உண்டு: வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. பெட்டி வண்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொண்டியின் வழியாக அந்த முதுகில்தான் இறங்குகிறது. இவர் கணக்கில் அது 260 முதல் 390 கிலோ. ஆட்கள், சாமான்கள் தனி. டீசல் எஞ்சின் கனமானது என்பதால், அதே வண்டியில் டீசல் பொருத்தினால் தாங்கும் எடை குறைகிறது! வலிமைக்காக டீசல் வாங்குவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை என்றார் மாணவர்.

அவரைத் தடுமாறச் செய்தது மலை. மேற்கே போகும் பெருஞ்சாலை, ஐசனோவர் சுரங்கப்பாதையில் சுமார் 3400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அந்த மெல்லிய காற்றில், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ பூட்டிய டீசல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதைவிட முக்கியம், திரும்பி இறங்குவது. மரக்கட்டையை ஏற்றினால் அது கட்டிய இடத்தில் கிடக்கும். குதிரை கிடக்காது. ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றி, அரை டன் உடலை நிமிர்த்திக்கொண்டே வருகிறது. தலையை உயர்த்திக் கட்டி நெடுநேரம் கொண்டுபோனால் தலை தாழ்த்திச் சளியை வெளியேற்ற வழியின்றி நுரையீரல் நோயே வந்துவிடும். மூத்திரத்தில் ஊறி இற்றுப்போன தளப்பலகை உடைந்து, ஓடும் வண்டியில் குதிரையின் கால் சாலையில் இறங்கிய கொடுமைகளும் நடந்திருக்கின்றன. இழுக்கும் வண்டியைப் பற்றி ஒரு மாதம் ஆராய்பவர் பெட்டியின் தளத்தை ஒரு நாளாவது தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஆசிரியர் புத்தி போகுமா? சிரித்துக்கொண்டே, பார்த்துவிட்டேன் ஐயா என்றார்.

தை பிறந்தபின் மீண்டும் அழைத்தார். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டாராம். டர்போவின் இதழ்களைக் குறுக்கி வெளியேறும் புகையை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக், தொழிற்சாலையிலேயே பொருத்தியது. கம்மின்ஸ் கண்டதிலிருந்து வேறான வழி, நோக்கம் ஒன்று. சுரங்கப்பாதையிலிருந்து டென்வர் வரை இறங்கியபோது கால் பிரேக்கை மிகச் சிலமுறையே தொட்டதாகச் சொன்னார். நிற்குமிடத்தில் சக்கரத்தருகே கை வைத்துப் பார்த்தாராம், சூடில்லை.

ஆனால் அன்று காலை புறப்படவே இரண்டு மணி நேரம் தாமதம். பழைய வண்டியின் ஓசைக்குப் பழகியிருந்த மூத்த குதிரை, புதிய டீசலின் உறுமலைக் கேட்டுப் பெட்டியில் ஏற மறுத்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு வாளி ஓட்ஸை உள்ளே வைத்துவிட்டு, இருவரும் வேலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.