குறிப்பறிதலும் சீட்டு மேசையும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம் அரசனின் முகத்தைப் படித்தறியும் அமைச்சனைப் பற்றியது. காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரம் தலைவியின் கண்ணைப் படித்தறியும் தலைவனைப் பற்றியது. வாய் சொல்லாததை முகமும் கண்ணும் சொல்லும், அதனை அறிபவனே அறிவுடையவன் என்பது நம் மரபு. இதற்கு நேர்மாறாக, கூட்டாளியின் முகக்குறிப்பையும் கண்குறிப்பையும் முற்றிலும் விலக்கிவிட்டு, எஞ்சியிருக்கும் ஒரே வழியில் குறிப்பறியச் சொல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. அது பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம்.

எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சி என்னும் ஏற்பாடு தமிழருக்குப் புதிதன்று. தமிழகத்திலும் கேரளத்திலும் ஆடப்படும் இருபத்தெட்டும், ஈழத்தமிழர் ஆடும் முந்நூற்று நான்கும் இவ்வகையின. முந்நூற்று நான்கில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்பது கணக்கு. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ஜாக்கியும் ஒன்பதும் ராஜாவை மிஞ்சும் இவ்வரிசை ஐரோப்பாவின் 'யாஸ்' குடும்ப ஆட்டங்களுக்கு உரியது. டச்சுக்காரர் வழியாக இது இங்கு வந்திருக்கலாம் என்று ஆட்ட வரலாற்றாளர் கருதுவர். பழவேற்காட்டில் 1610 முதலும், நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் 1658 முதலும் அவர்கள் காலூன்றியிருந்தனர். நாம் இன்று அரசியல் கட்டுரைகளில்கூடத் தாராளமாக எழுதும் 'துருப்பு' என்ற சொல்லை டச்சு மொழியின் 'த்ரூஃப்' என்பதன் திரிபாகவே கொள்வர். பின்னர் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பலைத் தொடர்ந்து நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள், டர்பனில் 'துனி' என்றோர் ஆட்டத்தை ஆடி வருகின்றனர். அதன் மொத்தப் புள்ளியும் 304தான்.

இவ்வாட்டங்களில் கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டுவதும் தொண்டையைச் செருமுவதும் கள்ளாட்டம். ஆயினும் தன் கையில் இருப்பதை எப்படியேனும் அவருக்கு உணர்த்திவிட வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு கைக்கும் உண்டு. பிரிட்ஜ் ஆட்டத்தின் தடுப்புக் குறிப்புகள் இத்தவிப்புக்குக் கிடைத்த நேர்மையான விடை எனலாம்.

பிரிட்ஜில் ஆளுக்கு 13 சீட்டுகள். ஏலத்தை வென்றவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசைமீது விரித்து வைத்துவிடுவார். ஆக, ஏலம் எடுத்தவர் 26 சீட்டுகளையும் கண்டு தாமே ஆடுகிறார். அவரைத் தடுக்கும் இருவரோ ஒருவர் கையை மற்றவர் காணாமல் ஆட வேண்டும். இவர்களுக்கு உதவுவது தோற்கும் சிறு சீட்டுகளே. கூட்டாளி ஓர் இனத்தில் ஆசை இறக்குகிறார் என்று கொள்வோம். என்னிடம் அந்த இனத்தில் எட்டும் மூன்றும் மட்டுமே உள்ளன. எதைப் போட்டாலும் பிடி நமதே. முதலில் எட்டையும், அடுத்து அவர் ராஜாவை இறக்கும்போது மூன்றையும் போட்டால், "என்னிடம் இந்த இனம் தீர்ந்தது, இன்னொன்று இறக்கினால் துருப்பால் வெட்டுவேன்" என்று பொருள். பெரியதைப் போட்டால் 'தொடர்க', சிறியதைப் போட்டால் 'விடுக' என்பதும், பெரியது பின் சிறியது வந்தால் இரட்டைப்படை எண்ணிக்கை என்பதும் பரவலான வழக்குகள்.

இவற்றின் வேர் பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டத்தில் உள்ளது. தேவையின்றிப் பெரிய சீட்டை முதலிலும் சிறியதைப் பின்னரும் போட்டால் துருப்பை இறக்கும்படி கூட்டாளியை வேண்டுவதாகக் கொள்ளும் முறையை 1834 அளவில் ஹென்றி பெண்டிங்க் பிரபு தொடங்கியதாகக் கூறுவர். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல் ஏற்றும் 'புளூ பீட்டர்' கொடியின் பெயரே அதற்கு வழங்கியது. அறிவால் ஆட வேண்டியதை ஏற்பாட்டால் ஆடுவதா என்று பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தனர். ஆயினும் அம்முறை நூல்களில் அச்சேறியது. எதிரியும் படித்தறியக்கூடிய ஒன்றை எப்படி வஞ்சகம் என்பது? எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

பிரிட்ஜின் வளர்ச்சியில் இந்தியாவுக்கும் ஒரு சிறு பங்குண்டு. நான்காவது ஆள் கிடைக்காத ஒதுக்குப்புற ஊரொன்றில் பணியாற்றிய மூன்று ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஏல பிரிட்ஜை உருவாக்கியதாக, 1899இல் அலகாபாத்தில் வெளியான ஒரு சிறு நூல் கூறுகிறது. 1925இல் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் இன்றைய ஒப்பந்த பிரிட்ஜுக்கு வடிவம் தந்தார். 1934இல் ஹை லாவிந்தல், அடுத்து எந்த இனத்தை இறக்க வேண்டும் என்பதையே சீட்டின் பெருமை சிறுமையால் உணர்த்தும் முறையை வெளியிட்டார்.

இக்குறிப்புகள் அனைத்துக்கும் பொதுவான நியதி ஒன்றே. கூட்டாளிகளின் ஏற்பாடு எதுவாயினும் அதனை எதிரி கேட்டால் சொல்லியாக வேண்டும். எதிரியைக் குழப்பப் பொய்ச் சீட்டுப் போடலாம். ஆனால் அந்தப் பொய்யால் கூட்டாளியும் ஏமாறுவார். ஸ்பெயினின் 'மூஸ்' ஆட்டத்தில் முகக்குறிகளுக்கே அனுமதி உண்டு. ஆனால் அங்கும் குறிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, பொய்க்குறி காட்டுதல் குற்றம். விலக்கப்படுவது குறியன்று, மறைவே என்பது இதனால் தெளிவாகும்.

மறைவின் வரலாறும் நீண்டது. 1965இல் போனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாப்பிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆட்டின் இனத்தின் அளவைத் தெரிவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. உலகச் சம்மேளனம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஜான் ஃபாஸ்டர் தலைமையில் பிரிட்டனில் நடந்த விசாரணை, குற்றம் ஐயமற நிறுவப்படவில்லை என்று 1966இல் விடுவித்தது. 1975இல் பெர்முடாவில் ஓர் இத்தாலிய இணை மேசைக்கடியில் காலால் தொட்டுக்கொண்டதற்காகக் கண்டிக்கப்பட்டது. கூட்டாளியின் முகம் தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை நிறுத்தும் வழக்கம் அதே போட்டியில்தான் வந்தது. காலுக்கும் தடுப்பு வந்தது. 2015இல் எழுந்த புகார் இன்னும் நுட்பமானது: முதற்சீட்டை நெடுக்காக வைப்பதா குறுக்காக வைப்பதா என்பதே குறியாம். அவ்வழக்கில் ஐரோப்பியச் சங்கம் ஓர் இத்தாலிய இணைக்கு விதித்த தடையை, போதிய சான்றில்லை என்று 2018இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் நீக்கியது. குறிப்பு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு அரிது அதை நிறுவுவது. குற்றம் செய்தவர் தப்பவும், செய்யாதவர் ஆயுள் முழுதும் பழி சுமக்கவும் இதில் இடமுண்டு.

இவ்வரலாற்றில் இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் பீட்டர் விங்க்ளர் என்ற கணிதவியலாளர் குறியாக்க முறையைப் பிரிட்ஜுக்குள் கொணர்ந்தார். தடுப்பவர் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி, எடுத்துக்காட்டாக ஓர் இனத்தின் இரட்டைப்படை ஒற்றைப்படை, சாவியாகிறது. சாவிக்கேற்ப 'பெரியது' என்பதன் பொருள் மாறும். முறையை எதிரியிடம் முழுவதும் சொல்லிவிடலாம், ஆனால் சாவி எதிரியிடம் இல்லை. இதில் சட்டத்தின் சொல் மீறப்படவில்லை. எனினும் அமெரிக்கப் பிரிட்ஜ் கழகம் இதனைத் தடை செய்துள்ளது. சொல் மீறப்படாதபோதும் கருத்து மீறப்படலாம் என்று அது கண்டது போலும்.

அமைச்சனும் தலைவனும் குறிப்பறிவது பிறரறியாமல் இருப்பதில்தான் சிறப்புப் பெறுகிறது. சீட்டு மேசையின் குறிப்போ பகைவனும் கேட்கும்படி உரைக்கப்படுவது. அவன் அறிந்தும் தடுக்க இயலாத அளவுக்கு இருவர் இசைந்து ஆடுவதே அங்கே வெற்றி எனப்படுகிறது. திரைக்கு இப்பால் இருப்பவருக்குக் கூட்டாளியின் முகம் தெரியாது. அவர் வைக்கும் சீட்டு தெரியும். அதை அவர் உண்மையாக வைத்தார் என்ற நம்பிக்கையே அவருக்குத் துணை.